கிழித்தது போக எஞ்சியவை: மார்க்கேஸ் இணைய ஆவணக் காப்பகம்

நோபல் பரிசு பெற்ற கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியல் கார்சியா மார்க்கேஸின் சொந்தக் காகிதங்களில் ஏறத்தாழப் பாதியை, 27,000-க்கும் மேற்பட்ட படங்களாக, எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் 2017 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. அதிசயத்தை அன்றாட நடப்பாகவே சொல்லும் மாய யதார்த்தம் என்ற எழுத்துமுறை குறித்து நம் சிற்றிதழ்களில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தச் சண்டைகளுக்குக் காரணமானவர் எந்தச் சொல்லை அடித்தார், எந்த வரியை மாற்றினார் என்பதை வீட்டில் அமர்ந்தபடியே பார்க்க முடியும் என்ற செய்தி மட்டும் எப்படியோ நம்மைத் தாண்டிப் போய்விட்டது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இதற்குள் நுழைந்து வருபவன் என்ற முறையில், இச்சேவையில் எது நன்றாக இருக்கிறது, எது போதவில்லை, ஸ்பானிய மொழி அறியாதவருக்கு இதனால் என்ன பயன் என்று எழுத விரும்புகிறேன்.

முதலில் சேகரிப்பைப் பற்றி. மார்க்கேஸ் 2014 ஏப்ரலில் மெக்சிகோ நகரில் காலமானார். அவருடைய ஆவணங்களை வாங்கியிருப்பதாக அதே ஆண்டு நவம்பரில் ரான்சம் மையம் அறிவித்தது. பத்து நூல்களின் மூலப் பிரதிகள், 2,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள், நோபல் ஏற்புரையின் வரைவுகள், 40-க்கும் மேற்பட்ட புகைப்பட ஆல்பங்கள், இரண்டு ஸ்மித் கரோனா தட்டச்சுப் பொறிகள், ஐந்து ஆப்பிள் கணினிகள், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த பத்திரிகை நறுக்குகளை ஒட்டி வைத்த ஸ்கிராப் புக்குகள் ஆகியவை அதில் அடக்கம். நாவலாசிரியர்கள் கிரகாம் கிரீன், கார்லோஸ் ஃபுயெந்தெஸ் ஆகியோர் எழுதிய கடிதங்களும் உண்டு. விலையை வெளியிட மையம் முதலில் மறுத்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தகவல் கோரியதும், விவகாரம் டெக்சஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் சென்றது; வெளியிட்டாக வேண்டும் என்று அவர் அலுவலகம் முடிவு சொன்ன பிறகே 22 லட்சம் டாலர் என்ற தொகை வெளியே வந்தது. பொதுப் பல்கலைக்கழகம் ஒன்று தான் வாங்கிய பொருளின் விலையை மறைக்க முயன்றது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் வாங்கிய பிறகு நடந்தவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2015 அக்டோபரில் ஆய்வாளர்களுக்குப் பெட்டிகள் திறந்துவிடப்பட்டன. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பாதி இணையத்துக்கு வந்துவிட்டது. பதிப்புரிமை முடிவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும் ஓர் எழுத்தாளர் விஷயத்தில் இது அபூர்வம். வாரிசுகள் இசைந்திருக்காவிட்டால் நடந்திருக்காது. மார்க்கேஸின் மனைவி மெர்சேதெஸும் இரு மகன்களும் இசைந்தார்கள்.

காகிதங்கள் டெக்சஸுக்குப் போனதில் கொலம்பியர்களுக்கு இருந்த வருத்தம் நியாயமானதே. 1961-இல் கியூபாவின் பிரென்சா லத்தீனா செய்தி நிறுவனத்துக்காக நியூயார்க்கில் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய மார்க்கேஸுக்கு, அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கா இயல்பாக விசா வழங்கியதில்லை. கிளின்டன் காலத்தில்தான் அந்தத் தடை விலகியது. அப்படிப்பட்டவருடைய கடவுச்சீட்டுகள்கூட இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெட்டியில் கிடக்கின்றன. நமக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருவது கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு. அவர் மறைவுக்குப் பின் அதை விலை கொடுத்து வாங்கியதும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான். ஆனால் சிகாகோ பல்கலைக்கழகம் அந்த நூல்களையும் இதழ்களையும் கப்பலேற்றவில்லை, 1994-இல் சென்னையிலேயே நூலகமாக அமைய வழிசெய்தது. மார்க்கேஸுக்கு அந்த வழி கிட்டவில்லை. ரான்சம் மையத்தின் தரப்பில் சொல்லக்கூடிய ஒரு நியாயம், அங்கே ஃபாக்னர், ஜாய்ஸ், போர்ஹெஸ் ஆகிய எழுத்தாளர்களின் காகிதங்களும் ஏற்கெனவே இருக்கின்றன என்பது. தன் ஆசான் என்று மார்க்கேஸ் வாய்நிறையச் சொல்லிவந்த ஃபாக்னர் அதே கட்டடத்தில் இருக்கிறார் என்பதை நான் சமாதானமாக எடுத்துக்கொள்கிறேன். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இருக்கும் வாசகர் எடுத்துக்கொள்வாரா என்று தெரியாது.

இணையச் சேவையின் அமைப்புக்கு வருகிறேன். பதிவு செய்ய வேண்டியதில்லை, கடவுச்சொல் தேவையில்லை. விவரக்குறிப்புகள் ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் இருக்கின்றன. ஆவணம் ஒன்றைத் திறந்தால் அதன் தாள்கள் வரிசையாக வரும்; எந்தத் தாளையும் எழுத்தின் மை படிந்த விளிம்பு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கலாம். மிரடோர் என்ற பார்வைச் செயலியை இவர்கள் பயன்படுத்தியிருப்பதுதான் இச்சேவையின் முதன்மையான வசதி. ஒரே திரையில் இரண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது இடம் தருகிறது. சாதாரணமாக, ஒரு நூலின் இரண்டு வரைவுகளை ஒப்பிட விரும்புகிறவர் ஒன்றில் படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றுக்குப் போக வேண்டும், அதற்குள் முதலாவது மறந்துவிடும். இங்கே முந்தைய அச்சுப்படியை இடப்பக்கமும் பிந்தையதை வலப்பக்கமும் நிறுத்திவிட்டு, அதே பத்தியில் கையால் திருத்தி எழுதிய சொல் அடுத்த படியில் அச்சேறியிருக்கிறதா, அல்லது மனம் மாறி மூன்றாவதாக ஒரு சொல் வந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பின்தொடரலாம். மொழி தெரியாவிட்டாலும் இந்த வேலையில் பாதியைச் செய்ய முடியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு பெயரடை போய்விட்டது என்று அறிய, அது என்ன பெயரடை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை; வாக்கியம் குட்டையாகியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. அகராதி அதன் பிறகுதான்.

இந்த வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் ஒரு விஷயம் புலப்படும். வரைவுகள் அடுக்கடுக்காகக் கிடைப்பதெல்லாம் அவருடைய பிற்கால நூல்களுக்கே. எண்பதுகளின் நடுவில் அவர் கணினிக்கு மாறினார். அச்சுப்படி எடுப்பது, அதில் கையால் திருத்துவது, திருத்தியதை ஏற்றி மறுபடி அச்செடுப்பது என்ற சுழற்சியில் ஒவ்வொரு சுற்றும் ஒரு கட்டுத் தாளை விட்டுச்செல்லும். 2002-இல் வந்த தன்வரலாறு அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதன் இரண்டாம் பகுதிக்காக எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 32 பக்கங்களும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஐரோப்பாவிலும் மெக்சிகோ நகரிலும் கழித்த ஆண்டுகளைப் பற்றியவை அவை. அச்சில் வராத அந்தப் பக்கங்களைப் படிப்பதற்காக மட்டுமேகூட இந்தத் தளத்துக்கு ஒருவர் வரலாம்.

ஆனால் எல்லாரும் முதலில் தேடிப் போவது ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் கையெழுத்துப் படியைத்தான். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தப் படியின் கதையை மார்க்கேஸே எழுதியிருக்கிறார். 1966 ஆகஸ்டில் அவரும் மெர்சேதெஸும் 590 தாள்களை புவனோஸ் ஐரெஸ் நகரிலிருந்த சுதாமெரிக்கானா பதிப்பகத்துக்கு அனுப்ப மெக்சிகோ நகரின் அஞ்சலகம் ஒன்றுக்குப் போனார்கள். எடை போட்ட ஊழியர் 82 பேசோ கேட்டார். கையில் இருந்தது 53. கட்டைப் பிரித்து, காசுக்கு ஏற்ற பாதியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, மிஞ்சியிருந்த சாமான்களை அடகு வைத்து மற்றப் பாதியை அனுப்பினார்கள். முதலில் போனது நாவலின் பிற்பாதி என்பது பிறகுதான் தெரிந்தது. 1967-இல் அச்சான முதல் பிரதி கைக்கு வந்ததும், திருத்தங்களால் நிறைந்திருந்த மூலத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கிழித்துப் போட்டார்கள். அந்த மூலத்தைப் பார்த்துத் தட்டச்சாளர் அடித்துக் கொடுத்த சுத்தப்படியின் வழியில் வந்ததே நமக்கு எஞ்சியது. ஆகவே காப்பகத்தில் இந்நாவலின் தட்டச்சுப் பிரதியைத் திறந்தால், ஏறத்தாழ முடிந்துபோன நூல்தான் கண்ணில் படும். ரிப்பன் மையில் சற்றே ஏறியிறங்கிய எழுத்துகள், அங்கங்கே ஒரு கையெழுத்துத் திருத்தம், அவ்வளவுதான். பதினெட்டு மாதம் அறையை அடைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டின் தடயம் எதுவும் இல்லை. இதற்குக் காப்பகத்தைக் குறை சொல்ல முடியாது. சமையலறையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தவர் அவர்.

இங்கேதான் ஸ்கிராப் புக்குகள் என் மதிப்பில் உயர்ந்தன. நாவலின் மூலத்தைக் கிழித்துப் போட்டவரின் வீட்டுச் சேகரிப்பில், அந்த நாவல் வெளிவந்த பிறகு உலகம் அதைப் பற்றி என்ன சொன்னது என்பதற்கான சான்றுகள் மட்டும் ஏடு ஏடாகப் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் பொதுவாக வரைவுகளையும் கடிதங்களையும் நோக்கித்தான் ஓடுகிறார்கள். நறுக்குகளை இரண்டாந்தரச் சரக்காகவே கருதுகிறார்கள், அவை எப்படியும் ஏதோ ஒரு நூலகத்தின் பழைய நாளிதழ்க் கட்டில் இருக்கத்தானே செய்யும் என்ற எண்ணத்தில். அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நாளிதழ்க் கட்டில் ஒரு மதிப்புரை இருப்பது வேறு. அதே மதிப்புரை வெட்டப்பட்டு, எதன் அருகில் ஒட்டப்பட்டிருக்கிறது, எந்த அளவுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது என்பது வேறு. 1967 மே மாத இறுதியில் 8,000 பிரதிகளாக அச்சான ஒரு நாவல் எப்படிக் கண்டம் தாண்டியது என்பதை, பிற்காலத்து வாழ்க்கை வரலாறுகள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன. நறுக்குகளைப் புரட்டும்போது அந்த வேகம் குறைந்து, ஒரு பத்திரிகையிலிருந்து அடுத்ததற்கு, ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்கு என்று செய்தி நகர்வது தெரிகிறது. புகழ் என்பதை நாம் ஒரே நாளில் விழும் மழையாகவே கற்பனை செய்துகொள்கிறோம், குறிப்பாக வெளிநாட்டு எழுத்தாளர்கள் விஷயத்தில்.

தாள் என்ற அளவில் பார்த்தாலும் இவையே மிகவும் நலிந்தவை, எனவே படமெடுத்து வைத்ததால் அதிகம் பயன்பெற்றவையும் இவையே. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பேறும், காகிதத்தின் அமிலம் நாளடைவில் இழைகளை அறுத்து ஒடியச் செய்யும். போதாக்குறைக்குப் பசை வேறு. நறுக்கின் முன்பக்கம் வரை ஊறி வந்து கறையாக நிற்கும். பெரிய கட்டுரைகளை மடித்து ஒட்டுவது, ஒன்றின் மேல் ஒன்றாக ஓரத்தில் மட்டும் பசையிட்டு அடுக்குவது ஆகிய வழக்கங்கள் எல்லாச் சேகரிப்பாளருக்கும் உண்டு, நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் உண்டு. வாசக அறையில் ஒவ்வொருவரும் அந்த மடிப்பை விரித்துப் பார்த்தால், சில ஆண்டுகளில் மடிப்போடு தாள் இரண்டாகிவிடும். திரையில் எத்தனை பேர் எத்தனை முறை பார்த்தாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

போதாதவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது, தேடல் வசதியின் எல்லை. அச்செழுத்தும் தட்டச்செழுத்தும் உள்ள தாள்களில் சொல் கொடுத்துத் தேடலாம். கையெழுத்தில் தேட முடியாது. ஆனால் இத்தகைய காப்பகத்தில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் கையெழுத்தில்தான் இருக்கிறது, அதாவது ஓரத்தில் எழுதிய மாற்றுச் சொல், வரிக்கு நடுவே செருகிய தொடர் முதலியவை. அவற்றைப் படித்துத் தட்டச்சில் பெயர்த்தெழுதிய படி இல்லாததால் ஒவ்வொரு தாளையும் கண்ணால் அலசுவதைத் தவிர வழியில்லை. நோபல் பரிசு பெற்றவரின் கையெழுத்து என்பதற்காக அது தெளிவாக இருந்தாக வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ளலாம்.

இரண்டாவது, முழுச் சேகரிப்பும் காப்பகத்தாரின் தர்க்கப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, வாசகரின் ஆர்வத்தின்படி அல்ல. பெட்டி எண், கோப்புறை எண், வரைவு எண் என்று போகும் அந்த வரிசை, என்ன வேண்டும் என்று முன்னதாகவே தெரிந்தவருக்கு மிகவும் ஏற்றது. சும்மா உலவ வந்தவருக்குத் திசை காட்டாது. 27,000 படங்களுக்குள் புதிதாக நுழைகிறவரிடம், இந்தப் பத்து ஆவணங்களை முதலில் பாருங்கள், இன்ன காரணத்துக்காக என்று யாராவது சொல்ல வேண்டும். அத்தகைய அறிமுகப் பாதைகளை வகுத்துத் தருவது பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்குக் கடினமான வேலையாக இருக்காது.

மூன்றாவது குறை, இணையத்தில் இல்லாத அந்தப் பாதி. அதைக் காண ஆஸ்டினுக்குத்தான் போக வேண்டும். போக முடிந்தவர்களுக்கு நடைமுறை எளிது. பேராசிரியராகவோ முனைவர் பட்ட மாணவராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, புகைப்பட அடையாள அட்டையைக் காட்டினால் போதும், கட்டணம் இல்லை. பையைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும். நம் ஊரில் சில இடங்களில் ஒரு பழைய நூலின் பத்துப் பக்கத்தைப் படியெடுக்கவே பரிந்துரைக் கடிதமும் துறைத்தலைவர் கையொப்பமும் கேட்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, ஊர் பேர் தெரியாத ஒருவரை நம்பி மூலத்தாளை மேசைக்குக் கொண்டுவந்து தரும் இந்த முறை கொஞ்சம் பொறாமையைக்கூட உண்டாக்கும். பயணச் செலவுக்காக மையம் ஆண்டுதோறும் ஆய்வு நல்கைகளும் வழங்குகிறது. தமிழில் மொழிபெயர்ப்பிலோ ஒப்பிலக்கியத்திலோ பணியாற்றும் இளைஞர்கள் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

பார்ப்பது இலவசம் என்பதால் எடுத்தாள்வதும் இலவசம் என்று கொள்ளலாகாது. படங்களுக்குரிய உரிமை மார்க்கேஸ் குடும்பத்திடமே இருக்கிறது. சிற்றிதழின் அட்டைக்கு அழகாக இருக்குமே என்று ஒரு தாளைத் தரவிறக்கி அச்சிட்டுவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. இந்த விஷயத்தில் அது வேண்டாம்.

வரைவுகள் வெளிப்படையாக இருப்பதன் மதிப்பு 2024-இல் தெரிந்தது. தன் கடைசி ஆண்டுகளில் நினைவாற்றல் குன்றிவந்த நிலையில் மார்க்கேஸ் எழுதிப் பார்த்து, இது தேறாது, அழித்துவிடுங்கள் என்று மகன்களிடம் சொல்லிவிட்டுப் போன குறுநாவல் ஒன்று அவருடைய பிறந்த நாளான மார்ச் 6-ஆம் தேதியை ஒட்டி வெளியானது. தந்தை சொல்லை மீறியது சரியா என்று உலகம் முழுவதும் வாதம் நடந்தது. அந்நூலின் வரைவுகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரான்சம் மையத்தின் பெட்டிகளில் ஆய்வாளர் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. சிலர் படித்து எழுதியும் இருந்தார்கள். ஆகவே பதிப்பாசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதைச் சந்தேகப்படுகிறவர்கள் சந்தேகத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை, போய்ப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை மகன்கள் செய்தது சரியே. தன் காகிதத்தை அழிப்பதானால் தானே அழித்துவிடக் கூடியவர் மார்க்கேஸ் என்பதற்கு 1967-ஆம் ஆண்டே சாட்சி.

ஸ்பானியம் தெரியாத தமிழ் வாசகர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நோபல் ஏற்புரையின் ஒலிப்பதிவைச் சொல்வேன். 1982 டிசம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் மார்க்கேஸ் ஆற்றிய அந்த உரை, அவர் குரலிலேயே இந்த இணையக் காப்பகத்தில் இருக்கிறது. உரையின் முழு வடிவம் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் நோபல் அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில வடிவத்தை ஒரு முறை படித்துவிட்டு, ஸ்பானிய வடிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டால், எந்த இடத்தில் எந்தப் பெயர் வருகிறது என்று விரல் வைத்துத் தொடர முடியும். சிலியும் எல் சால்வதோரும் குவாத்தமாலாவும் எம்மொழியிலும் ஏறத்தாழ ஒரே ஒலிதானே. அதற்குப் பின் வரைவுகளுக்குப் போகலாம், ஸ்கிராப் புக்குகளுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.